எட்டுப் பூப் போட்ட புடவை

திண்டிவனத்தில் ஒரு துணி கிழிந்தால் போதும், ஊரே விசாரணைக்கு வந்துவிடும். எப்படிக் கிழிந்தது, எதில் மாட்டியது, பார்த்து வரக் கூடாதா, கண் எங்கே போயிற்று. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இடிபட்டுக்கொண்டு வருகிறவள்கூட முந்தானையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக் கேட்பாள். எனக்கு இந்த ஊரில் பற்றிக்கொண்டு வருவது இந்த ஒரு பழக்கம்தான். கேட்காத ஆள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன். வழக்கு இன்னும் முடியவில்லை. அதுவுமில்லாமல் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘பூ போடுற அக்கா’ என்பார்கள். எனக்கு வெறும் அக்கா.

என்னுடையது ஜெராக்ஸ், டைப்பிங் கடை. மனு எழுதித் தருவதுதான் முக்கிய வேலை. பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, முதியோர் பணம், புருஷன் அடிக்கிறான், எதற்கும் மனு அடிப்பேன். கடைக்குப் பின்பக்கம் ஒற்றை அறையில் அக்கா இருந்தாள். தையல் மெஷின் கிடையாது. ஊசியும் நூலும் ஒரு பழைய கத்தரிக்கோலும்தான். “மெஷினு ஓட ஆரம்பிச்சா எங்க நிக்கணும்னே அதுக்குத் தெரியாதும்மா” என்பாள். டெய்லர் கடைகளில் வெட்டிப் போடும் பிட்டுத் துணி, வீடுகளில் கழித்துக் கட்டிய புடவை, யாரோ ஆடிவிட்டுத் தூக்கிப் போட்ட பரதநாட்டிய உடுப்பு, எல்லாம் அவள் அறைக்கு வந்து சேரும். நைந்த பட்டிலிருந்து ஜரிகையை உருவிக் கொடியாக்குவாள். வெல்வெட் ஜாக்கெட்டின் கையை நறுக்கி இதழாக்குவாள். நடுவில் சம்கி. அவள் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு போகிற குழந்தையைப் பார்த்து எந்தக் கடையில் வாங்கியது என்று ஜனங்கள் கேட்பார்கள். நாலு பேர் வீட்டுக் கந்தல் அது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கிழிந்ததைக் கொண்டுபோனால் வாங்கி முழங்கால்மேல் விரித்துப் போடுவாள். உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். “வெச்சிட்டுப் போ. வெள்ளிக்கிழமை வா.” அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் வாட்டசாட்டமான ஆள் ஒருத்தர் சட்டையைக் கொண்டுவந்தார். பாக்கெட் பிய்ந்து தொங்குகிறது, காலரில் ரத்தம். என் கடை வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அக்கா சட்டையை மட்டும்தான் பார்த்தாள். “வெச்சிட்டுப் போங்க.” அந்த மனுஷன் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அதன் பிறகு தங்கள் ஊர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவரும் எதுவும் பேச மாட்டார்.

நானும் அப்படித்தான் அவளிடம் போய் ஒட்டினேன். என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த மயில் கழுத்து நிறப் பட்டு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பொசுங்கிவிட்டது. எட்டு மடிப்பாக மடித்திருந்த புடவை, மடிப்புக்கு ஒன்றாக எட்டு ஓட்டை. “கரண்ட்டு போயிடுச்சுக்கா. இஸ்திரிப் பொட்டியை மேல வெச்சிட்டு அப்படியே மறந்துட்டேன், திரும்ப வந்துடுச்சு போல” என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். கேட்காதவளிடம் நானாகச் சொன்னேன் பாருங்கள், அதுதான் என் லட்சணம். அக்கா புடவையைத் தடவினாள். மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். “வெச்சிட்டுப் போ.”

கல்யாணத்தன்று காலையில் கையில் கொடுத்தாள். எட்டு ஓட்டையும் எட்டுத் தாமரை. நடுவில் கொடி ஓட்டி, நெய்யும்போதே போட்ட புட்டா மாதிரி ஆக்கியிருந்தாள். மண்டபத்தில் பொண்ணு வீட்டுக்காரி ஒருத்தி என் இடுப்பைப் பிடித்துத் திருப்பி, எந்த ஊர்ப் பட்டு இது என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குக் கிழிசல் படிக்கத் தெரியும் என்பதை நான் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி சுடிதார் டாப்ஸைக் கொண்டுவந்தாள். “ஜன்னல் ஆணி மாட்டிக்கிச்சுக்கா.” அக்கா வாங்கிக்கொண்டாள். அவள் போன பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஆணி மாட்டுனா மொதல்ல ஓட்டை வுழும். அப்பறம் மூலையா கிழியும். இது பாரு, தையல் வாயிலயே வுட்டிருக்குது. புடிச்சி இழுத்தது. இதோ, வெரலு பட்ட எடம் தளர்ந்து கெடக்குது.”

“அப்போ கேக்க வேண்டியதுதானேக்கா?”

“கேட்டா அது சொல்லணும். சொன்னா அதுக்கு அசிங்கம். பூவு போட்டுட்டா போச்சு.”

எனக்கு அது பெரிய மனசாகத் தெரிந்தது. ஊரெல்லாம் தோண்டித் துருவும்போது இப்படி ஒருத்தி இருக்கிறாளே என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட.

அக்காவுக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுவாள், நாங்களும் அப்படியே. புருஷன் குடித்துக் குடித்து எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. பாப்பாவை விழுப்புரத்தில் ஜங்ஷன் பக்கம் கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை சொந்தமாக லோடு வண்டி வைத்திருந்தான். சீரோடு பன்னிரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள், எல்லாம் பழைய பட்டில். ஒன்றில்கூட ஒட்டுப் போட்டது தெரியாது. கல்யாணமான புதிதில் அவற்றில் பூ குறைவுதான். கழுத்தைச் சுற்றி ஒரு கொடி, கையில் ஒரு மொட்டு.

மாதம் ஒரு தரம் பாப்பா பஸ் ஏறி வருவாள். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு ஜாக்கெட், சில சமயம் ஒரு பாவாடை. அக்கா பையை வாங்கி முழங்காலில் கொட்டுவாள். பெற்ற மகளிடமும் அதே பேச்சு. “வெச்சிட்டுப் போய் கூழு குடி.” பாப்பா அடுப்படிப் பக்கம் போய்க் கேப்பைக் கூழைக் கரைத்துக் குடிப்பாள். அக்கா தைப்பாள். சாயங்காலம் மேம்பாலத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருவாள். வருகிற வழியில் என் கடையில் ஐந்து நிமிடம் உட்காருவாள்.

நான் அந்த ஜாக்கெட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் பூ ஏறிக்கொண்டே போயிற்று. தோள்பட்டையில் ஒரு கொத்து, அக்குள் ஓரத்தில் ஒன்று, முதுகில் சின்னச் சின்னதாகச் சம்கி வட்டங்கள். புருஷன் அடிக்கிறான் என்று வாரத்துக்கு ஒரு மனு அடிக்கிறவள் நான். என் புத்தி எங்கே போயிற்று? “பாப்பா, உங்க அம்மா உன்ன பூந்தோட்டமாவே ஆக்கிடுவாங்க போல” என்று கிண்டல் செய்தேன். அந்தப் பெண் சிரித்தாள். “எனக்குன்னா எக்ஸ்ட்ரா பூவுக்கா” என்றாள். முன்பெல்லாம் சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்ள மாட்டாள்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் அக்கா திருவக்கரை போய்விட்டு வந்து எனக்குக் குங்குமம் கொடுத்தாள். காளியம்மன்கிட்ட என்ன வேண்டிக்கினீங்க என்றேன்.

“ஒண்ணும் கேக்கல. கும்புட்டுட்டு வந்தேன்.”

சாமியிடம்கூடக் கேட்க மாட்டாள் என்று அதையும் நான் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக பாப்பா வந்தது ஒரு ஆடி மாதம். அன்று ஒரே ஒரு ஜாக்கெட்தான், அரக்கு நிறம். அக்கா வழக்கத்தைவிட அதிக நேரம் தைத்தாள். ஜெராக்ஸ் மெஷினில் இங்க் தீர்ந்து வேலை நின்றதால் நான் பின்பக்கம் போனபோது பாப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, நான் ஒரு ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேனே.”

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “இதோ தச்சி முடிச்சிட்டேன் பாப்பா. அஞ்சு மணிக்கு வண்டி இருக்குது.”

பாப்பா ஜாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். தோள்பட்டையில் பெரிய செம்பருத்தி, அவ்வளவு அழகு. மடித்துப் பையில் வைத்தாள். முகம் கழுவினாள். அஞ்சு மணி வண்டிக்குப் போனாள். பதினாறாம் நாள் விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. வயிற்று வலி தாங்காமல் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி சவக்கிடங்குக்கு வெளியே அக்கா அழவில்லை. பாப்பாவின் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள். ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. எங்கிருந்தோ ஊசியை எடுத்து மடக்கித் தைக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அன்று அவள்மேல் கோபம்தான் வந்தது, மறைத்துச் சொல்ல மாட்டேன்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பார். அதற்கு மனு அடித்தவள் நான். விவரம் தெரிந்த ஒருத்தர் சொன்னார், தெரிந்திருந்தும் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேள்வி வரும், தெரியாது என்றே போட்டுவிடுங்கள் என்று. எத்தனையோ மனுவில் அடித்துப் பழகிய வரிதானே. ‘என் மகள் தன் குடும்பப் பிரச்சினை குறித்து என்னிடம் ஒருபோதும் கூறியதில்லை. எனக்கு எதுவும் தெரியாது.’ படித்துக் காட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டு, மெதுவாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். விழுப்புரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. மாமியார்க்காரி ஒரு பெரிய கட்டைப் பையோடு வந்திருந்தாள். அதிகாரி ஒரு பெண். கேள்வியை ஆரம்பித்ததும் மாமியார் பையைக் கவிழ்த்தாள். மேஜை முழுக்க ஜாக்கெட்டுகள்.

“பாருங்க மேடம். சம்கியும் ஜரிகையுமா மகாராணி மாதிரி வெச்சிக்கினு இருந்தோம். கஷ்டப்படுற பொண்ணு இப்படியா உடுத்துவா? ஒரு கிழிஞ்ச துணி காட்டச் சொல்லுங்க, பாக்கலாம்.”

அதிகாரி ஒன்றை எடுத்துப் பார்த்தார். கிழிசலே இல்லை. அக்காவின் கையில் கிழிசல் எப்படித் தெரியும்? அதிகாரி மனுவைப் புரட்டினார்.

“பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சாம்மா?”

“ஒண்ணும் சொல்லலைங்க.”

“அப்புறம் எதை வச்சு சந்தேகப்படறீங்க?”

அக்கா எழுந்தாள். அரக்கு ஜாக்கெட்டைக் கையில் எடுத்தாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து ஊசியை எடுத்து, செம்பருத்தியின் ஓரத்தில் விட்டு முதல் தையலை நெம்பினாள். “என்னம்மா பண்றீங்க?” என்று கிளார்க் எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். இதழ் இதழாக உதிர்ந்தது. அடியில் கழுத்து ஓரத்திலிருந்து தோள் வரைக்கும் ஒரு கிழிசல்.

“இது இந்த ஆடி. கழுத்தப் புடிச்சி இழுத்தது.”

அடுத்ததை எடுத்தாள். “இது பங்குனி. அக்குள்ள தையலு வுட்டிருக்குது பாருங்க. கைய முறுக்குனா இப்படித்தான் வுடும்.” பச்சை ஜாக்கெட்டின் முதுகில் சம்கியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உருண்டை உருண்டையாக ஏழு ஓட்டை, ஓரம் கருகி. “இது சிகரெட்டு.” மாமியார்க்காரி “ஐயோ, இவளே கிழிச்சிக் காட்டுறா மேடம்” என்று கத்தினாள். அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. எந்த மாதம், எந்தக் கிழமை, என்ன நூல், எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதிகாரி எழுந்து பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கிளார்க்கைப் போனில் படம் எடுக்கச் சொன்னார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இதெல்லாம் உங்களுக்கு அப்பவே தெரியுமாம்மா?”

நான் பின்னாலிருந்து அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். தெரியாது என்று சொல்லிவிடு தாயே, மனுவில் அப்படித்தான் இருக்கிறது.

“தெரியும்ங்க. பாத்தாலே தெரியும். தெரிஞ்சிக்கினேதான் தச்சேன். எனக்கு எங்கம்மா தச்சிக் குடுத்தா, நானும் போனேன். இவளும் போய்ப் பொழச்சிக்குவான்னு நெனச்சேன். ரெண்டு நாளு இருக்கறேன்னு கேட்டுச்சு. நான்தான் வண்டி ஏத்தி வுட்டேன். எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்கள். ஜாக்கெட்டுகளை முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை உள்ளே போனான், சில மாதத்தில் ஜாமீனில் வந்தான். கோர்ட்டில் அவன் பக்கத்து வக்கீல் அக்காவின் வார்த்தையையே எடுத்து அவளை அடித்தார். பெற்றவளே தெரிந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள் என்றால் அது பெரிய கொடுமையாக இருந்திருக்குமா என்று. ஊரிலும் அதைத்தான் சொன்னார்கள், வேறு விதமாக. நான் அடித்துக் கொடுத்த அந்த ஒரு வரி வேறு, முன்னுக்குப் பின் முரண் என்று அவளுக்கு எதிராகவே வந்து நின்றது. வாய்தாவுக்கு வாய்தா அவள் விழுப்புரம் பஸ் ஏறினாள்.

அதன் பிறகு அக்கா பூப் போடவில்லை. யார் கேட்டாலும் போடவில்லை. கிழிந்த இடத்தில் வேறு நிறத்தில் ஒட்டுத் துணி வைத்து, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். அதைவிட மோசம், கேட்க ஆரம்பித்தாள். யார் வந்தாலும் துணியைத் தடவிவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, “எப்படிக் கிழிஞ்சுது?” மல்லாட்டைக்காரர் ஒரு முறை வந்தார். “தைக்கக் குடுத்தா தையும்மா, பேஜாரு பண்ணாத” என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார், பிறகு வரவில்லை. அந்த நர்ஸ் பெண்ணும் கேள்வியைக் கேட்டதும் விருட்டென்று போய்விட்டாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரமே அவள் மூட்டை முடிச்சோடு அண்ணன் வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மற்றபடி ஆள் வரத்து நின்றுபோயிற்று.

கடைசி வருஷம் அவளுக்கு நெஞ்சுச் சளி. ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, தட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உன் மயிலு பொடவ. எப்படிப் பொசுங்குச்சு?”

எத்தனை வருஷம் கழித்து! “அதான் அப்பவே சொன்னேனேக்கா. கரண்ட்டு போச்சு, பொட்டியை மேல வெச்சிட்டு மறந்துட்டேன்.”

“தேச்சி முடிச்சி எட்டா மடிச்ச பொடவ அது. மடிப்பு கத்தி மாதிரி நின்னுச்சு. மடிச்சி முடிச்ச பொறவு பொட்டி எப்படிம்மா மேல வரும்?”

நான் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “சோறு ஆறுதுக்கா, சாப்புடு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டாள். நான் கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை. அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஜாக்கெட்டுகள் பூ பிரித்தபடியே எங்கோ ஒரு அறையில் மூட்டையாகக் கிடக்கின்றன.

ஊரார் மனுவையெல்லாம் அடித்தேன். என்னுடையதை அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் இப்போது வயதாகி அடங்கிவிட்டார், பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஊசியை விட்டு முதல் தாமரையை நெம்பினேன். அக்காவின் தையல் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பூவுக்கே அரை மணி நேரம் ஆயிற்று.

கரண்ட்டு போகவில்லை அக்கா. தேய்த்து, மடித்து, கட்டில்மேல் வைத்துவிட்டு நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். தம்பி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போகிறேன் என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டியை எடுத்துவந்து புடவைமேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். புகை வந்த பிறகும் நான் திரும்பவில்லை.